மாத்திரையில் அடைத்த மஞ்சள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

புற்றுநோயைத் தடுக்கும் சமையலறைப் பொருட்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வீட்டில். இரண்டாவது தடவை கடையில். ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார்.

நான் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். பெரியவர் 'குர்குமின்' என்ற வார்த்தைக்குக் கீழே நீல மையில் கோடு போட்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று படியிறங்கிப் போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "தம்பி, இந்த மாத்திரையில ரெண்டு டப்பா குடு. கேன்சர் வராதாமே?" என்றார். அந்தச் சிவந்த வாயோடு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. மஞ்சளில் குர்குமின், தக்காளியில் லைக்கோபீன், முட்டைகோஸை நறுக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரநெடிக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள், எல்லாம் உண்மைதான். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் மேல் இவற்றை ஊற்றினால் செல்கள் சாகின்றன, அதுவும் உண்மை. ஆனால் இந்தக் கதையில் ஒரு பெரிய அத்தியாயத்தை விட்டுவிட்டார்கள். அது பின்லாந்தில் நடந்தது.

கேரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டின் இரத்தத்தில் அதிகமாக இருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று 1980-களில் பல ஆய்வுகள் காட்டின. சரி, அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் 29,133 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள். அவர்களில் பாதிப் பேருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஐந்து முதல் எட்டு வருடம் வரை. 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறைவு அல்ல, அதிகம்! ஏதோ கணக்குப் பிழை என்று நினைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்களையும், மொத்தம் 18,314 பேரை வைத்து இன்னொரு ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

இதில் என்னை இன்றும் யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். அதே பின்லாந்து ஆய்வில், சேரும்போதே சாப்பாடு வழியாகப் பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு நோய் குறைவாகத்தான் வந்தது. ஆக, பொருள் ஒன்றே. தட்டில் காயாக வந்தபோது ஒரு மாதிரி, டப்பாவில் மாத்திரையாக வந்தபோது வேறு மாதிரி. காயோடு வந்த நார்ச்சத்தும் மற்ற நூறு பொருட்களும் சேர்ந்து செய்த வேலையின் பேரைப் பீட்டா கரோட்டின் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். (நார்ச்சத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில் உறுதியான ஆதாரம் உள்ளது அதற்குத்தான். பெயர் கவர்ச்சியாக இல்லை போலும்.) உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018 அறிக்கையில், புற்றுநோயைத் தடுக்க ஊட்டச்சத்து மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்று தனியாகவே ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது.

மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதுவும் குடலிலிருந்து இரத்தத்துக்குள் சரியாக ஏறாது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் 20 மடங்கு ஏறியது. இன்று கடைகளில் விற்கும் மஞ்சள் மாத்திரை டப்பா பலவற்றில் 'மிளகுச் சாறு சேர்த்தது' என்று போட்டிருப்பது இதனால்தான். பாட்டி வைத்தியத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். மருந்து விற்பவனுக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே வந்த அந்நியப் பொருளை மாற்றி வெளியே அனுப்பும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்து, மற்ற மருந்துகளுக்கு மூடிவைக்க அதற்குத் தெரியாது.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து டமாக்சிஃபென் வாங்க மாதாமாதம் என் கடைக்கு வரும் ஓர் அம்மா, போன வருடம் மருந்துச் சீட்டோடு மஞ்சள் மாத்திரையும் கேட்டார். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். டமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்யும். நெதர்லாந்தில் 2019-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், குர்குமினும் பைப்பரினும் சேர்த்துச் சாப்பிட்ட பெண்களுக்கு அந்த எண்டாக்சிஃபென் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. பதினாறு பேர்தான், சின்ன ஆய்வுதான். இருந்தாலும், "டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பினேன். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லி அனுப்பினேன். இல்லாவிட்டால் பயந்துபோய் ரசத்தையே விட்டுவிடுவார். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன.

அப்புறம் அந்தப் பெரியவர். செடியிலிருந்து வந்தால் நல்லது என்ற எண்ணத்தைக் கட்டுரை அவருக்குக் கொடுத்துவிட்டது. பாக்கும் மரத்தில் காய்ப்பதுதானே? பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003-லேயே முடிவு செய்துவிட்டது. புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு போட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று அவர்கள் வைத்திருக்கும் அதே முதல் வகைதான், சிகரெட் இருக்கிற வகை. வெற்றிலைக்குப் பேர்போன எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, தெரியும். அடுத்த தடவை மஞ்சளைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் பாக்கைப் பற்றியும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, கடையில் கூட்டம். மாத்திரை வேண்டாம், அந்தக் காசுக்குக் கீரையும் காயும் வாங்குங்கள், சீவலை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னேன். ரூபாயைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மாத்திரையை விட்டுடறேன் தம்பி, சீவலைப் பத்தி அடுத்த மாசம் பேசிக்குவோம்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
கும்பகோணம்