இரண்டாம் ஆண்டுச் செலவை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அரசுப் பள்ளிக்கு நன்கொடை வழங்கும் படங்கள் நிறைய வருகின்றன. ஸ்மார்ட் போர்டு, குடிநீர் இயந்திரம், பெஞ்சு, நோட்டுப் புத்தகம் என்று ஏதாவது ஒன்று. கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே படித்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள், அவர்கள் கூடித் தொடங்கிய சிறு அறக்கட்டளைகள். அந்த மனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அறக்கட்டளை போடும் கணக்கும் பள்ளியின் தேவையும் எந்த இடத்தில் விலகிப் போகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறவர்கள் நாங்கள். அதைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலம், கட்டடம், மேசை, கடிகாரம் என்று முடிந்ததை மக்கள் கொடுத்தார்கள். 2022 டிசம்பர் 19 அன்று தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியையும் அதன் தேவையையும் இணையதளத்திலேயே தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம். ஆக, பெரிய தொகைக்கு வழி இருக்கிறது. வழி இல்லாதது சின்னத் தொகைக்கு. ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும்தான் ஆளில்லை.

குடிநீர் இயந்திரத்தையே பாருங்கள். ஆர்.ஓ., அதாவது மெல்லிய சவ்வின் வழியாக நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம், வாங்குவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்கிறவர்கள் குறைவு. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் அது இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க வரம்பு. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. 400 காட்டுகிற நீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. மற்ற அளவுகளும் சரியாக இருந்தால் மணல், கரி வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும். ஆர்.ஓ. வைத்தாலோ, சிறிய இயந்திரங்களில் உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும். கோடையில் கிணறு வற்றும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

உண்மையிலேயே தேவைப்படுகிற இடத்திலும் இயந்திரம் ஒரே ஆண்டில் மூலையில் உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் கட்ட வடிகட்டியை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மண் சவ்வு வரை போய் அடைக்கும். நீர் நூல் போல வடியும். மதிய உணவு இடைவேளையில் 200 பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அதற்குப் பொறுமை இருக்காது. நேரடிக் குழாயைத் திறந்துவிடுவார்கள். அத்தோடு இயந்திரத்தின் கதை முடிந்தது. இன்னொன்று, மே மாத விடுமுறை. ஒரு மாதம் நீர் ஓடாமல் நின்ற சவ்விலும் தொட்டியிலும் கிருமி படியும். ஜூனில் திறந்ததும் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் போட்டு, முதல் அரை மணி நேர நீரைக் கீழே விட்டுவிட வேண்டும். இதைச் செய்ய ஓர் ஆள், வடிகட்டி வாங்கப் பணம், யாரை அழைப்பது என்று சுவரில் ஒட்டிய ஒரு கைப்பேசி எண், இந்த மூன்றும் இல்லாமல் இயந்திரம் மட்டும் கொடுப்பது பாதி வேலை. இயந்திர விலையில் 10 முதல் 15 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று ஐந்தாண்டுக்கு ஒதுக்க முடியாவிட்டால், விலை குறைந்த பொருளாகப் பார்த்துக் கொடுப்பதே மேல்.

ஸ்மார்ட் போர்டுக்கும் இதேதான். வாங்குவதற்கு முன் அந்த வகுப்பறைப் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று ஒரு மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் கம்பி இருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் மூன்று, நான்கு ஆண்டில் பேட்டரியை மாற்றியாக வேண்டும்.

பள்ளியே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானிய விதிப்படி 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணக்கட்டி, பதிவேடு, பல்பு, குழாய் ரிப்பேர், துப்புரவுப் பொருள் எல்லாம் இதற்குள். 2024-25இல் மத்திய அரசு தமிழகத்துக்கான இந்தத் திட்ட நிதியை நிறுத்திவைத்ததை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். தலைமையாசிரியர் கையில் என்ன மிஞ்சும்?

ஆசிரியர்களுக்கு நேரடியாகச் செய்யும் உதவியைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் வற்புறுத்த விரும்புகிறோம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ அரசுத் திட்ட வகுப்பை நடத்துகிற ஆசிரியை வண்ண அட்டை, அச்சுப் பிரதி, லேமினேஷன் என்று சொந்தக் காசைத்தான் செலவழிக்கிறார். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. 40 பேர் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்ய வேண்டிய இடத்தில், கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் நல்லதாக ஆறு இருக்கும். மற்றவற்றில் நுனி உடைந்திருக்கும், அல்லது குழாய்த் திருகு கசியும். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. நுனி உடைந்த பியூரெட்டில் சொட்டு பெருத்து விழும். இளஞ்சிவப்பு வந்து நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். பிள்ளை மூன்று முறை செய்தாலும் ஒத்த அளவு வராது, தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். பெர்மாங்கனேட் கரைசலைப் பழுப்பு நிறப் புட்டியில் வைக்காமல் வெளிச்சத்தில் வைத்தால் அதன் செறிவும் மாறிவிடும். இந்தக் குறைகளைத் தீர்க்க லட்சங்கள் வேண்டாம்.

இதற்குச் சிறு மானியம்தான் சரியான வழி. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 3,000, உயர்நிலை, மேல்நிலையில் 5,000 என்று வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தப் பாடம், என்ன பொருள், எத்தனை பிள்ளைகள், இந்த மூன்று கேள்வி போதும். தலைமையாசிரியர் கையெழுத்து, பதினைந்து நாளில் முடிவு. பணத்தை ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நாளைக்கு அவருக்குத்தான் சங்கடம். கடைக்கே நேராகக் கட்டிவிட்டு, பில்லின் நகலைப் பள்ளிக்குக் கொடுங்கள். மானியம் கொடுப்பதற்கு மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். அதற்காகப் பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்கவும் வேண்டாம்.

நூலகப் புத்தகம் கொடுப்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதற்குத் தலைமையாசிரியரைத் திட்டுகிறோம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் ஒன்று குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். நன்கொடைக் கடிதத்திலேயே ‘இவை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்காக, கிழிவதும் தொலைவதும் எதிர்பார்த்ததே, ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கை நாங்கள் புதிதாக மாற்றித் தருவோம்’ என்று எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதைத் தீர்மானமாகவும் போட்டுவிட்டால் பீரோ திறக்கும்.

மாணவர்களுக்கான உதவியில் செலவு குறைந்து பலன் மிகுந்தது எது என்று கேட்டால், எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வைச் சொல்வோம். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 இடம். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடத் தடுமாறுவது மனத்திறன் தாளில்தான். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், குறியீடு எல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லாதவை. ஜூலையிலிருந்து வாரம் ஒரு மாதிரித் தேர்வு, அதற்கான ஜெராக்ஸ் செலவு, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் பழக்கம், சனிக்கிழமை காலையில் வருகிற பிள்ளைகளுக்குச் சுண்டல். ஓர் அறக்கட்டளை செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

தேர்ச்சி பெற்ற பின்னும் பணம் வராமல் போவதுண்டு. இதை அறக்கட்டளைகள் கவனிப்பதே இல்லை. பள்ளிப் பதிவில் ‘மு. கவிதா’ என்று இருக்கும், ஆதாரில் ‘கவிதா முருகன்’ என்று இருக்கும், விண்ணப்பம் திரும்பிவிடும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்க மாட்டார்கள், அல்லது இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறிய பிள்ளைக்கு அதை யார் செய்வது என்று தெரியாது. 10ஆம் வகுப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பதும் பல வீடுகளில் தெரியாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாள் பள்ளியில் உட்கார்ந்தால் தீர்கிற சிக்கல்கள் இவை.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அரசின் உதவி இப்போது கணிசமாக இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்பது, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள். இவை எல்லாம் கைக்கு வருவதற்கு முன்பான முதல் எட்டு வாரம்தான் கண்டம். சான்றிதழ்கள், பேருந்துக் கட்டணம், பாய் தலையணை, இரண்டு செட் உடை, விடுதி முன்பணம். அந்தச் சமயத்தில் வட்டிக்கு வாங்காமல் காப்பாற்ற ஒரு பிள்ளைக்கு ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை இருந்தால் சமாளிக்கலாம்.

அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்களுக்குச் சட்டப் பக்கமாகச் சில வரிகள். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கமாகத் தொடங்கினால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர். நன்கொடையாளருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று வழக்கமாகச் சொல்லும் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் பயன்படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குச் சலுகை கிடையாது. வங்கி வழியாகவே வாங்குங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை எதிர்பார்த்துப் புதிதாகத் தொடங்குபவர்கள், மூன்றாண்டு செயல்பட்ட அனுபவம் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பலர் சிக்கிக்கொள்வது வெளிநாட்டுப் பணத்தில். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் துபாய் நண்பர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட வகுப்புத் தோழர் அனுப்பும் நூறு டாலர், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். உரிய பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

முடிந்தால் வரும் பணத்தில் ஒரு பகுதியை, அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் மூலதன நிதியாக வைத்துவிடுங்கள். ‘மூலதன நிதிக்காக’ என்று நன்கொடையாளரிடம் எழுத்தில் வாங்கினால்தான் அது மூலதனம். 10 லட்சம் வைப்பு நிதியில் 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000. நடுத்தரப் பள்ளி ஒன்றின் வடிகட்டி, பேட்டரி, ஆசிரியர் மானியம், ஜெராக்ஸ் அத்தனையும் அதற்குள் அடங்கும்.

மனத்தை உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்தபின் உள்ளூர்க் கல்வி அறக்கட்டளைகள் பெருகின. வசதியான ஊர்ப் பள்ளிகளுக்குப் பணம் கொட்டியது, ஏழை ஊர்கள் பின்தங்கின. இங்கும் அதன் சாயல் தெரிகிறது. டாக்டர்களும் பொறியாளர்களும் படித்துப் போன நகரத்து மேல்நிலைப் பள்ளிக்கு மூன்று ஸ்மார்ட் போர்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும், மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் கேட்டு வாங்கித் தர முன்னாள் மாணவர் கூட்டமைப்பு இல்லை. ஒவ்வோர் அறக்கட்டளையும் தன் செலவில் கால் பங்கை அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு ஒதுக்கலாம். அதேபோல, காலிப் பணியிடத்துக்கு ஆண்டுக்கணக்கில் சொந்தச் செலவில் ஆசிரியர் வைத்துக்கொண்டே போகாதீர்கள். ஒரு பருவத்துக்கு வைத்துச் சமாளித்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு முதன்மைக் கல்வி அலுவலரிடம் பணியிடத்தைக் கேளுங்கள். அது அரசு தர வேண்டியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்குப் பொருள் வழங்கிய படத்தை வெளியிடும்போது, அதன் பராமரிப்புக்கு எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும். பதிலைப் படத்தின் கீழ் ஒரு வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி நலனில் ஈடுபட்டுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
மயிலாடுதுறை.