மொழிப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வினை நோக்கு (ஒரு செயல் கட்டாயமா, அனுமதியா, வாய்ப்பா என்று வினையோடு சேர்த்துச் சொல்வது) என்று வந்துவிட்டால் உங்கள் புத்தகங்களில் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்', 'மே' என்றால் 'லாம்', 'கேன்' என்றால் 'முடியும்'. படிக்கிறவர் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுவார். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

'அவர் வீட்டில் இருக்க வேண்டும்.' மருத்துவர் சொன்னால் இது கட்டளை. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னால் ஊகம். ஆங்கில 'மஸ்ட்', ஜெர்மன் 'முஸ்' இரண்டுக்கும் இதே இரட்டை வேலை உண்டு. அதனால் அட்டவணை அதுவரை தப்பித்துவிடுகிறது.

எதிர்மறையில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' என்றால் செய்யாதே. ஜெர்மனில் பார்வைக்கு அதே போலிருக்கும் 'முஸ் நிஷ்ட்' என்றால் செய்யத் தேவையில்லை, அவ்வளவுதான். தடுப்பதற்கு 'டார்ஃப் நிஷ்ட்' என்று வேறு வினை இருக்கிறது. மருந்துச் சீட்டில் இதை மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? தமிழும் சளைத்ததல்ல. 'வரக்கூடும்' என்றால் வந்தாலும் வரலாம். அதையே எதிர்மறையாக்கினால் 'வரக்கூடாது': வாய்ப்பு போய், தடை வந்து உட்கார்ந்துவிட்டது. வராமல் போகும் வாய்ப்பைச் சொல்ல 'வராமல் இருக்கலாம்' என்று சுற்றித்தான் வரவேண்டும்.

அப்புறம், 'வந்தானாம்'. அந்த ஒற்றை 'ஆம்' பொறுப்பை அழகாகக் கைகழுவிவிடுகிறது. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன். துருக்கி மொழியில் 'வந்தான்' என்பதற்கு, கண்ணால் கண்டிருந்தால் 'கெல்டி', கேள்விப்பட்டிருந்தால் 'கெல்மிஷ்'. சரி, 'ஆம்'தான் 'மிஷ்' என்று எழுதிவிடாதீர்கள். அதே செருப்பைப் பார்த்த துருக்கியர் 'கெல்மிஷ்' என்பார். நாம் அங்கே 'வந்தானாம்' என்று சொல்ல மாட்டோம், 'வந்திருக்கிறான்' என்போம். தடயத்திலிருந்து ஊகிப்பதும் 'மிஷ்' கணக்கில் சேரும், 'ஆம்' கணக்கில் சேராது. அமேசான் பகுதியின் துயூகா மொழியில், செய்தி எப்படித் தெரிந்தது என்று காட்ட இப்படி ஐந்து வகை. இதையெல்லாம் வினை நோக்கில் சேர்ப்பதா, தனியே வைப்பதா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். படிக்கிறவருக்கு அது அவசரமில்லை.

அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே அதன் எதிர்மறையை அச்சிடுங்கள். ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் மேலே யார், எதைப் பார்த்துவிட்டு, யாரிடம் சொல்கிறார் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாதென்றால், கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியில் பாதியை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அந்த அட்டவணையை மனப்பாடம் செய்த ஒருவர்