ஒளியில் இறுகும் எபாக்சிக்குப் பகை ஈரமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளி பட்டால் இறுகும் எபாக்சி பிசினைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்கிறது. அது அக்ரிலிக் பிசினுக்குப் பொருந்தும், எபாக்சிக்குப் பொருந்தாது. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் பைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்போர் இதை நம்பக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

அக்ரிலிக்கில் மூலக்கூறுச் சங்கிலியை வளர்ப்பது தனி உறுப்பு, அதாவது இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட துடிப்பான துணுக்கு. ஆக்சிஜன் அதனோடு சேர்ந்து அதை முடக்கிவிடும். எபாக்சியில் நடப்பது வேறு. 1970-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிரிவெல்லோ உருவாக்கிய அயோடோனியம், சல்போனியம் உப்புகள் புற ஊதா ஒளியில் சிதைந்து வலிய அமிலத்தைத் தருகின்றன. அந்த அமிலத்தின் புரோட்டான் எபாக்சி வளையத்தின் ஆக்சிஜனில் அமர்ந்ததும், நேர்மின்சுமை ஏறிய அவ்வளையத்தை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் தாக்கித் திறக்கிறது. சுமை புதிய மூலக்கூறுக்கு மாற, சங்கிலி நீள்கிறது. காற்றின் ஆக்சிஜனுக்கு இதில் வேலையே இல்லை. அமிலம் எளிதில் அழியாததால், விளக்கை அணைத்த பிறகும் இறுகுதல் மணிக்கணக்கில் தொடரும்.

வளைய ஈதர்கள் (வளையத்தில் ஆக்சிஜன் அணுவைக் கொண்ட சேர்மங்கள்) அனைத்தும் இவ்வாறு திறக்கும் என்ற அக்கட்டுரையின் வரியும் பிழை. வளையத்தைத் திறக்கத் தூண்டுவது, பிணைப்புகள் வளைந்து நெருக்குண்டிருப்பதால் வரும் இறுக்க ஆற்றல். மூன்றணு எபாக்சி வளையத்தில் அது மோலுக்கு ஏறத்தாழ 114 கிலோஜூல். ஐந்தணு டெட்ராஹைட்ரோஃபியூரானில் அது 23 கிலோஜூல் அளவே; எனவே அது பலபடியாதல் (சங்கிலியாகச் சேர்தல்) திரும்பவும் பிரியக்கூடிய மீள்வினை, 80 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே சென்றால் சங்கிலி நீளாது. இவ்வகை இறுக்கம் அநேகமாக இல்லாத ஆறணு டயாக்சேன் பலபடியாவதே இல்லை; மாறாக, மிக எளிய எபாக்சியான எத்திலீன் ஆக்சைடை மேற்சொன்ன நேர்மின்சுமை (நேரயனி) வழியில் வளர்த்தால், சங்கிலி தன்னையே கடித்து டயாக்சேனாக உதிர்கிறது.

உண்மையான பகை நீரும் காரமும். நீர் மூலக்கூறு வளரும் முனையோடு சேர்ந்து சங்கிலியை முடித்து, புரோட்டானை வேறிடத்தில் விடுவிக்கிறது. ஆகவே சிறிதளவு ஈரத்தில் சங்கிலிகள் குட்டையாகும். ஈரம் மிகுந்தால் வேகமும் குறையும். ஆனி, ஆடி மழையில் நனைந்த வள்ளத்தை நன்கு உலர்த்தாமல் பூசுவது அதனால்தான் வீண். வழக்கமான எபாக்சி ஹார்டனரில் உள்ள காரமான அமீன் இன்னும் கொடியது, புரோட்டானைப் பிடித்துக்கொண்டு விடாது. 'உறுதிக்காக' அந்த ஹார்டனரில் சிறிது கலந்தால், வெயிலில் வைத்தாலும் பிசின் சரியாக இறுகாது. காரத்தன்மையுள்ள புதிய காங்கிரீட் மீது பூசினாலும் அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும்.

இவ்விரு பிழைகளுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.