கன்னு நட்டா மட்டும் போதாது, வாய்க்காலும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம கடலோரத்துல, உப்புத்தண்ணி ஏறி இறங்குற சேத்துல வளர்ற அலையாத்திக் காட்டைப் பெருசாக்கப் போறாங்கன்னு உங்க பேப்பர்ல வந்த செய்தியைப் படிச்சேன், ரொம்ப சந்தோஷம். ஆனா அதுல எத்தனை கன்னு நடுவாங்கங்கற கணக்குதான் இருந்துச்சு, தண்ணி எப்படி உள்ள போகும்னு ஒரு வரி கூட இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு எங்க சிதம்பரம் பக்கத்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்களுக்கு சேதம் கம்மி, காட்டுக்கு முன்னாடி கடலைப் பாத்து இருந்த எம்ஜிஆர் திட்டுங்கற மீனவர் ஊரு அடியோட போச்சு, இது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதே பிச்சாவரத்துல வெள்ளைக்காரன் காலத்துலேந்து மரத்தை மொத்தமா வெட்டின இடமெல்லாம் தரை பள்ளமாகி, கடல்தண்ணி தேங்கி, வெயில்ல வத்தி உப்பு ஏறிப்போய் செடியே முளைக்காம கிடந்துச்சு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து மீன்முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதம், அதாவது கடல் ஏத்தத் தண்ணி, ஏறி இறங்க வழி பண்ணின பிறகுதான் காடு திரும்பி வந்துச்சு.

நானே ஒரு இடத்துல பாத்தேன், போட்டோ எல்லாம் எடுத்து விமரிசையா நட்ட கன்னுங்க ரெண்டே கோடையில கருகிடுச்சு, ஏன்னா பக்கத்து வாய்க்கால் மணல் மூடிக் கிடந்துச்சு, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அதனால திட்டப் பணத்துல ஒரு பங்கை வருஷா வருஷம் தூர் வாரவே ஒதுக்கணும், அந்த வேலையை அங்கயே மீன் பிடிக்கிறவங்களுக்கும் இருளர் மக்களுக்கும் கூலி குடுத்து விடணும், ஓதம் எங்க ஏறும் எங்க நிக்கும்னு அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

- ஒரு வாசகர், சிதம்பரம்