பணம் அனுப்பாதே, தம்பி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாளும் லீவு. வீட்டு அலங்காரத்துக்கு 200 வெள்ளி அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. பசாரில் விற்கிற பிளாஸ்டிக் தோரணம் எதற்கு? பக்கத்து வீட்டு அக்கா தென்னங்குருத்து தருகிறார். மாவிலை நம் மரத்திலேயே இருக்கிறது. கோலத்துக்குக் குருணையில் சாயம் ஏற்றி வைத்துவிட்டேன். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. வேலியில் பூக்கிற சங்குப்பூவில் நீலம், அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பச்சைக்குப் பாண்டான் இலை. நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். ஆன செலவு குருணைக் காசு மட்டும்தான். பணம் அனுப்பாதே.

இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து முதலில் டிப்ளோமா வாங்கியவன் நீ. கோயிலில் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவிடம் நீ பேசி இரண்டு மாதம் ஆகிறது. போன வியாழக்கிழமை பகல் 11 மணிக்கு நான் கூப்பிட்டபோது எப்போதும் கேட்கிற மிஷின் சத்தம் இல்லை. ஒரு பூனை கத்தியது. நேரத்துக்குச் சாப்பிடு. மெகியே தின்று நாளை ஓட்டாதே.

தோட்டத்து ரப்பர் பால்மரத்தை எல்லாம் சாய்த்துச் செம்பனை போட்டார்களே, கோயிலுக்குப் பின்னால் மட்டும் நாலு கிழ மரம் மிச்சம். அதில் முற்றிய இலையாகப் பறித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். நாலு வாரம் ஆயிற்று. அந்த நாற்றம் உனக்குத் தெரியும். நேற்று ஒன்றை எடுத்துப் பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்த்தேன். சதை கரைந்து போய் நரம்பு மட்டும் கொசுவலை மாதிரி நின்றது. விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.

நாலாம் ஆண்டில் படிக்கும்போது நீ இதே இலையில் பூ செய்தாய். ஈர்க்கில் நூல் சுற்றிக் கட்டி, நிலைக்கு மேலே செருகி வைத்தாய். பதினோரு பூ. பெரியப்பா குடும்பம் வருகிற நேரம் என்று, "குப்பையை எல்லாம் வாசலில் மாட்டுவியா" என்று பிடுங்கி அடுப்பில் போட்டேன். நீ அழக்கூட இல்லை. அதற்கப்புறம் எதையும் செய்து என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், தம்பி. ஒரு கஷ்டம் வந்தால் அம்மாவிடம் சொல்ல உனக்கு வாய் வராது. அதுவும் என்னால்தான்.

ஜொகூர் பாரு லார்க்கின் நிலையத்தில் பஸ் ஏறிவிடு. ஈப்போவுக்கு அப்பா மோட்டாரில் வருவார். கையில் ஒன்றும் வாங்கி வராதே. வேலை லீவு அது இது என்று எனக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

வாளியில் இன்னும் முப்பது இலை கிடக்கிறது. நேற்று ராத்திரி நானே ஒரு பூ கட்டிப் பார்த்தேன், பிரிந்து பிரிந்து போகிறது. அடி இதழை நீ எப்படி மடித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா