பன்னிரண்டு நியான், இரண்டு ஏஞ்சல்

அன்புள்ள தம்பிக்கு,

புதன்கிழமை ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மீன் பட்டியலைப் பார்த்தேன். பதில் போடவில்லை என்று கோபப்படாதே. குரல் பதிவு போடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் உன் அப்பா வந்து கண்ணாடி எங்கே, மாத்திரை எங்கே என்று கேட்டு, சொல்ல வந்தது போய்விட்டது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு. அதற்குள் கடைக்குப் போய்விடாதே.

நியான் பத்து, ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, கப்பி ஆறு, கண்ணாடி துடைக்க ஒரு சக்கர், பாப்பாவுக்கு ஒரு சண்டை மீன். எல்லாம் ஓர் இரண்டடித் தொட்டிக்கு. படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இதில் பாதியை நானே ஒரு காலத்தில் செய்தவள்.

புக்கிட் பாத்தோக் வீட்டுத் தொட்டி ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது தொடக்கநிலை இரண்டு. நான் சுங்கை தெங்கா பக்கம் மீன் பண்ணையில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உன் புது வீடு இருக்கிற இடத்திலிருந்து அது பக்கம்தான். வேடிக்கையைப் பார், அன்றைக்குப் பேருந்து மாறி மாறிப் போன இடத்தில் இன்று என் பிள்ளை குடியிருக்கிறான். சீனப் பெருநாளுக்கு எங்கள் முதலாளி தவுக்கே எனக்கு இரண்டு ஏஞ்சல் குஞ்சு கொடுத்தார், ஐம்பது காசு அகலம்கூட இருக்காது. நம் தொட்டியில் ஏற்கெனவே பன்னிரண்டு நியான். நான்கு மாதம் ஒரு சண்டையும் இல்லை. பார்க்க அவ்வளவு அழகு.

அப்புறம்தான் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. நீ பள்ளிக்குப் போகுமுன் காலுறை மாட்டிக்கொண்டே எண்ணுவாய். பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது. எண்ணிக்கையை நாள்காட்டியில் பென்சிலால் எழுதிவைப்பாய். நான் ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன், அடியில் செத்துக் கிடக்கிறதா என்று செடிகளையெல்லாம் பிடுங்கிப் பார்த்தேன், மேல் வீட்டுப் பூனையைக்கூடத் திட்டினேன். ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டேன். நியான் எல்லாம் நிறம் வெளுத்துத் தரைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றன. ராத்திரி அப்படித்தான் வெளுக்கும். பெரிய ஏஞ்சல் மட்டும் நடுவில் நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு சின்ன வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மிச்ச நியானை அப்பா கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். கொடுக்க மிச்சம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

அன்று எனக்கு வந்த வெட்கம் வேறு மாதிரி. நாள் முழுக்க இதே நியானையும் இதே ஏஞ்சலையும் எண்ணி, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன் அடித்து, ரப்பர் பேண்ட் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள் நான். எந்த மீனை எத்தனை நேரம் பட்டினி போட்டுப் பை கட்டவேண்டும் என்று தெரியும். எந்த மீனின் முள் பையைக் கிழிக்கும் என்று தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பண்ணையில் ஒவ்வொரு மீனும் தனித் தொட்டியில் இருக்கும், தனிப் பையில் போகும். நீ சிராங்கூன் நார்த் கடைகளுக்குப் போனாலும் அப்படித்தான் பார்ப்பாய். ஒரு தொட்டியில் ஒரே வகை, எல்லாமே குஞ்சு, எல்லாமே சாது. அதனால் கடையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. அந்த மீன் வளர்ந்தால் எவ்வளவு வரும், அதன் வாய் எவ்வளவு பெரிதாகும் என்று முதலில் கேள். ஏஞ்சல் பதினைந்து சென்டிமீட்டர் வரும், செட்டையோடு உயரம் அதைவிட அதிகம். நியான் மூன்றரை சென்டிமீட்டர், அதுவும் ஊசி மாதிரி ஒல்லி. வாயில் நுழைந்தால் அது சாப்பாடு. அமேசானிலும் ஏஞ்சல் இப்படிச் சின்ன மீன்களைத் தின்னும்.

சரி, மற்றவை. டைகர் பார்ப் வாலைக் கடிக்கும். பத்துப் பன்னிரண்டாக இருந்தால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு கிடக்கும், நான்கு மட்டும் என்றால் பக்கத்தில் நீளச் செட்டை உள்ள எதையும் விடாது. உன் பட்டியலில் கப்பி, ஏஞ்சல், சண்டை மீன் என்று மூன்று இருக்கின்றன. கப்பி நல்ல மீன்தான், ஆனால் அது கொஞ்சம் கடினத் தண்ணீர் கேட்கிறது, நீ வாங்கிவைத்திருக்கிற செடி மண் தண்ணீரை மென்மையாக்கும். அதோடு மாதம் ஒரு தடவை குட்டி போடும். யாருக்குக் கொடுப்பாய்? லோங்காங் கால்வாயில் விடலாம் என்று நினைக்காதே. சக்கர் ஒரு முழத்துக்கு வளரும், கண்ணாடி துடைப்பதைவிடக் கழிவது அதிகம், செடியையும் பெயர்த்துப் போடும். வளர்ந்ததும் ஆட்கள் கொண்டுபோய்க் கால்வாயிலும் நீர்த்தேக்கத்திலும் விட்டுவிடுகிறார்கள், அது அங்கே பெருகிக் கிடக்கிறது. புண்ணியம் என்று உயிர்களை விடுகிற வெசாக் தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் வருஷா வருஷம் விடவேண்டாம் என்று சொல்வது இதற்குத்தான்.

சண்டை மீனைப் பாப்பாவுக்கு வாங்கிக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய தொட்டியில் போடாதே. பதினைந்து லிட்டரில் சின்னத் தொட்டி ஒன்று, இரண்டு செடி, தாவாமலிருக்க மூடி, அதில் ஒரே ஒரு சண்டை மீன். கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு சண்டை மீன் என்று நினைத்துப் பாயும் ஜாதி அது. மருமகள் கேட்ட மிஸ் கேரளாவும் இதில் முடியாது என்று சொல்லிவிடு. அவள் ஊர்ப்பக்கத்து மலை ஓடை மீன், எனக்கும் ஆசைதான். ஆனால் ஓடி ஓடி நீந்தும், அதுவும் பதினைந்து சென்டிமீட்டர் வரும், குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் கேட்கும். நாலடித் தொட்டி வாங்குகிற அன்று பார்க்கலாம்.

இப்போது தண்ணீர். மீனுக்கும் மீனுக்கும் பொருத்தம் பார்க்குமுன் மீனுக்கும் தண்ணீருக்கும் பார்க்கவேண்டும். உன் தொட்டி 60 × 30 × 36 சென்டிமீட்டர் என்றால் கணக்குக்கு 65 லிட்டர், மண்ணும் கல்லும் போக 50 சொச்சம்தான் நிற்கும். நம் வீட்டில் ஹீட்டர் வேண்டாம், தண்ணீர் தானாகவே 28, 29 பாகை இருக்கும். அந்தச் சூட்டைத் தாங்குகிற மீனாகப் பார். நியான் கொஞ்சம் குளிர்ச்சி தேடும். அதன் அண்ணன் மாதிரி இருக்கிற கார்டினல் ரியோ நீக்ரோ ஆற்று மீன், வெப்பத்தில் நன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதென்றால் சிவப்புக் கோட்டைப் பார். நியானுக்குப் பின்பாதியில் மட்டும், கார்டினலுக்குத் தலையிலிருந்து வால் வரைக்கும். தரையில் மேய்கிற பாண்டா கோரியை எல்லாரும் விரும்பி வாங்குவார்கள், அதுவும் குளிர்ச்சி தேடுகிறதுதான். ஸ்டெர்பாய் என்கிற புள்ளி போட்ட கோரி நம் வெயிலுக்குச் சரி. தொட்டியைப் படுக்கையறையில் வைக்காதே. ராத்திரி ஏர்கான் போட்டு, பகலில் அணைத்து, தண்ணீரின் சூடு ஏறி இறங்கினால் மீனுக்கு உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வரும்.

குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்று உன் பாட்டி சொல்வார். ஊரில் அது சரி. இங்கே சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமின் கலக்கிறது, அது வைத்தால் போகாது. குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்தா என்று புட்டியில் படித்துப் பார்த்து வாங்கு, தண்ணீர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஊற்று. வாரம் ஒரு தடவை கால் பங்கு மாற்றினால் போதும்.

நானாக இருந்தால் என்ன வைப்பேன் என்று கேட்டாயல்லவா? நடுவில் ஹார்லெக்வின் ரஸ்போரா, பத்து. செம்பு நிற உடம்பில் பின்பக்கம் கறுப்பு முக்கோணம். மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா ஓடைகளின் மீன், நம் தண்ணீரும் நம் சூடும் அதற்குப் பிறந்த வீடு. ஆறுக்குக் குறைத்து வாங்காதே. கூட்டம் குறைந்தால் பயந்து செடிக்குள் ஒளியும், நிறமும் மங்கும். பெண் மீன் தலைகீழாகத் திரும்பி இலையின் அடியில் வயிற்றை உரசிக்கொண்டு போகும், ஆண் பக்கத்திலேயே வளையும். முட்டையை இலைக்கடியில் ஒட்டுகிறது என்று அர்த்தம். அதற்காகவே அகலமாய் இலை விடும் கிரிப்டோகோரைன் இரண்டு புதர் வை. அந்தச் செடியிலும் நம் ஊர்க்காரி ஒருத்தி இருக்கிறாள். புக்கிட் தீமாவில் மட்டும் வளர்கிற ஒரு கலப்பினம், பெயரே திமாஹென்சிஸ். அது காட்டிலேயே இருக்கட்டும், உனக்குக் கடையில் விற்கிற வெண்டி வகையே போதும். நட்ட இரண்டாவது வாரம் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதே, வேர் இருந்தால் திரும்ப வரும்.

தரைக்கு ஸ்டெர்பாய் கோரி ஐந்து. முன்பக்கம் கூரில்லாத மெல்லிய மணல் போடு, அது மீசையால் துழாவித்தான் தின்னும். அவ்வப்போது அம்பு மாதிரி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். பாப்பா பயப்படப்போகிறாள், அது அதன் சுபாவம் என்று முன்னாலேயே சொல்லிவை. வலையால் பிடிக்காதே, செட்டை முள் வலையில் மாட்டும். என் வலது கட்டைவிரலில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே, அது கோரி குத்தியது. குவளையால் அள்ளு.

இந்தப் பதினைந்தோடு மீனை நிறுத்திக்கொள். இடம் காலியாகத் தெரியும், இன்னும் நான்கு போடலாமே என்று கை அரிக்கும். அரிக்கட்டும். பாசி துடைக்க அமானோ இறால் ஐந்து வாங்கு. அதன் குஞ்சு பிழைக்க உப்புத்தண்ணீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகித் தொல்லை தராது. ஏதாவது நோய் வந்து மருந்து ஊற்றுவதாக இருந்தால் அதில் செம்பு இருக்கிறதா என்று பார், இறாலுக்கு அது விஷம்.

அவசரப்படாதே என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது, தெரியும். ஆனாலும் செடி நட்டு, ஃபில்டர் ஓடவிட்டு, மீன் இல்லாமல் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறு. உன் மண் முதல் சில வாரம் தானாகவே அம்மோனியா கசியவிடும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேறவேண்டும். சொட்டு மருந்து போட்டுப் பார்க்கிற சோதனைப் பெட்டி ஒன்று வாங்கு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டினால் முதலில் ரஸ்போராவை விடு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கோரி, கடைசியில் இறால். பையை அப்படியே கவிழ்க்காதே. பதினைந்து நிமிஷம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உன் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடு. கடைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடு.

நான் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். நம் வீட்டு அனுபியாஸ் செடியில் ஒரு துண்டு கொண்டுவருகிறேன், அதை மண்ணில் புதைக்கக்கூடாது, கல்லில் நூலால் கட்டவேண்டும். கறுப்பு நூல் உன் வீட்டில் இருக்காது, அதையும் நானே எடுத்து வருகிறேன். நீ ஒரு புது வாளி வாங்கி வை, சோப்புப் படாதது. பாப்பாவுக்கு ஒரு நாள்காட்டியும் பென்சிலும்.

அன்புடன்,
அம்மா