தமிழ் பேசும் குழந்தைகளின் போக்சோ வழக்குகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் துணை நிற்போர்,
தேவிகுளம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கலெக்டரேட், பைனாவு, இடுக்கி மாவட்டம்.

பொருள்: தமிழ் மொழிபெயர்ப்பாளர், துணைநபர் (வழக்கு முழுவதும் பிள்ளைக்குத் துணை நிற்பவர்), தாய்மாருக்கு லயம் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) மற்றும் நிவாரணம் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

எஸ்டேட் பிள்ளைகள் நடந்ததைத் தமிழில்தான் சொல்கிறார்கள். வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படுகிறது. லயத்துப் பிள்ளைக்கு அடுத்த வீட்டு ஆளும் 'மாமா'தான். அது 'அம்மாவன்' என்று பதிவானால் தாயுடன் பிறந்தவன் என்றாகிவிடும். "உன் அம்மாவுக்கு அண்ணன் தம்பியே கிடையாதே?" குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்வி போதும், பிள்ளை பொய் சொன்னதாகிவிடும்.

போக்சோ சட்டம் 2012, பிரிவு 26 பிள்ளை சொன்னபடியே பதியச் சொல்கிறது. 2020 விதிகளில் 5ஆம் விதிப்படி மொழிபெயர்ப்பாளர், துணைநபர் பதிவேட்டை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். அதில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களைச் சேர்த்து, அவர்களின் எண்களை எல்லாக் காவல் நிலையங்களுக்கும் தர வேண்டுகிறோம். அவசரத்துக்கு எஸ்டேட் சூப்பர்வைசரைக் கூப்பிடவே கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவர் வேண்டியவராக இருக்கலாம். உறவுச் சொல்லைத் தமிழிலேயே எழுதி, ஆள் யார் என்று பக்கத்தில் குறித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டு ஆள் என்றால் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதா என்று குழு மூன்று நாளில் முடிவு செய்யும். தாய் பிள்ளையின் பக்கம் நின்றாலும் லயம் கணவன் பேரில் இருக்கிறது. அவன் வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயத்தில்தான் பல தாய்மார் வாய் திறப்பதில்லை; இதை உடந்தை என்று எழுதிவிடுவது அநியாயம். வழக்கு முடியும்வரை தாயும் பிள்ளையும் அதே லயத்தில் இருக்க எஸ்டேட் நிர்வாகங்களுக்குத் தாங்கள் கடிதம் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட், கோர்ட் என்று போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்குக் கூலி போகிறது. 8ஆம் விதியின் சிறப்பு நிவாரணம், குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டியது. அது கூட்டுக் கணக்கில் விழுந்தால் ஏடிஎம் கார்டு கணவன் வீட்டார் கையில் இருக்கும். எனவே பரிந்துரைக்கும்போதே தாய் பேரில் தனிக் கணக்கு திறந்து தர வேண்டும்.

சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தங்கள் மேற்பார்வையில் இயங்குவதால் இம்மனுவைத் தங்களிடம் தருகிறோம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்துள்ள உரிமைப்படி, பதிலைத் தமிழிலேயே அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்